வாசம் பிடித்துப் போகிறவை

இந்த ஐஸ்பெட்டியை எங்க வச்சாலும் இடைஞ்சல்தான். மடியில வச்சா தொடை விறைச்சுப் போகுது. கீழ வச்சா தரை துடைக்க வந்த அம்மா மாப்பால ஒரு முட்டு முட்டிட்டு, ‘இதென்ன, மீன் பெட்டியா?’ன்னு கேட்டுட்டுப் போறா. தூத்துக்குடிக்காரி கையில பெட்டி இருந்தா மீனாத்தான் இருக்கும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. பக்கத்து நாற்காலியில வச்சா வாறவன் போறவனெல்லாம் ‘ஆள் வராங்களா’ன்னு கேக்கான். வருதுய்யா, வரவேண்டியது அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கு, ஏழு மாசக் குழந்தையோட நெஞ்சுக்கூட்டுக்குள்ள. அப்படிச் சொன்னா அடிச்சே போட்டுருவாங்க. பிரம்மசக்தி, உன் பொழப்பைப் பாத்தியாட்டி. படிச்ச படிப்பென்ன, வாங்கின பட்டமென்ன, காலங்காத்தால ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒரு துண்டு தைமஸுக்குக் காத்துக் கிடக்கே. நெஞ்செலும்புக்குப் பின்னால, இதயத்தை மூடிக்கிட்டு, வெளிறின இளஞ்சிவப்பா மெத்துனு படுத்திருக்கும் அது. இதயத்துல ஓட்டைன்னு குழந்தை நெஞ்சைத் திறந்தா முதல்ல கையில தட்டுப்படுதது அதுதான். வழியை மறைக்குதேன்னு பாதியை வெட்டி எடுத்துட்டுத்தான் இதயத்துக்குப் போவாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான். வெட்டினது மஞ்சப் பைக்குள்ள குப்பையாப் போகும். அந்தக் குப்பையைப் பெத்தவங்ககிட்ட கேட்டு வாங்கிட்டுப் போறவ நான். உள்ள செலின் சிஸ்டர்கிட்ட, துண்டு கெடாம இருக்க திரவம் ஊத்தின ஒரு சின்ன டப்பா குடுத்திருக்கேன். டாக்டர் உமாபதி வெட்டினதும் அதுல போட்டு வெளிய கொண்டாந்து தருவா, நான் ஐஸ்ல வச்சுக்கிட்டு லேபுக்கு ஓடணும். அம்புட்டுத்தான் வேலை. இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னுதான் தெரியலை.

குழந்தையோட அம்மா அந்தக் கடைசி நாற்காலியில உக்காந்திருக்கா. தாரணி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ கிராமம், சொன்னா, மறந்துட்டேன். புருஷன் போர்வெல் வண்டியில சத்தீஸ்கர் போயிருக்கானாம், சேதி கேட்டு ரயில்ல வந்துக்கிட்டு இருக்கானாம். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கலை. நெஞ்சு சரியான பெறகு வச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க, அதுவரைக்கும் அம்முணிதான். அந்தப் பக்கத்துல எல்லாப் பொட்டப்பிள்ளையும் அம்முணிதான், ஆனா இவ சொல்லுதப்போ அந்த ஒரு பிள்ளைக்குன்னே செஞ்ச பேர் மாதிரி இருக்கு. முந்தாநாள் வார்டுல போய் நான் விளக்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கிட்டா, குறுக்க ஒரு வார்த்தை பேசலை. கடைசியில ஒரே கேள்வி. ‘ஏனுங்க்கா, அதை வெட்டிப்போட்டா பொறவு புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?’ நல்ல கேள்வி. புத்தகத்துல இருக்கத பூராவும் சொன்னேன், பாதிதான் எடுப்பாங்க, மீதி வேலை பாக்கும், கொஞ்சம் சளி காய்ச்சல் கூட வரலாம், பாத்துக்கிடணும்னு. அவ கண்ணு அப்பவும் நம்பலை. அப்புறம் என்ன தோணுச்சோ, சேலைத் தலைப்பை விலக்கி ரவிக்கைக்கு மேல தெரியுத தழும்பைக் காட்டினேன். ‘எனக்கு முழுசாவே எடுத்தாச்சு தாயி. பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்கேன்.’ அவ தொட்டுப் பாத்தா. சொந்த அக்கா மாதிரி தொட்டுப் பாத்தா. கையெழுத்துப் போட்டுட்டு, ‘நல்லபடியா எடுத்துக்குங்க, ஆருக்காவது ஒதவட்டும்’னா. இதுவரைக்கும் எத்தனையோ தாய்மார் குடுத்திருக்காங்க. எனக்குத் தரணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து? பிள்ளை உசிரு கையில ஊசலாடுத நேரத்துல முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்குச் சரின்னு சொல்லுத மனசு எனக்கு வருமான்னு கேட்டா, வராது. முகத்துல அடிச்ச மாதிரி போடி வெளியன்னுதான் சொல்லியிருப்பேன்.

தழும்பு இப்பவும் குளிர்ல லேசா இழுக்கும். இந்த ஏசி வேற. காலேஜ் முடிச்ச வருஷம் எனக்கு இடது கண்ணிமை சரிய ஆரம்பிச்சுது. காலையில நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் ஆக ஆக மெள்ள இறங்கும், சாயங்காலம் பாதிக் கண்ணு மூடிரும். தெருப் பயலுவ, ‘ஏ, பிரமு கண்ணடிக்கால’ன்னு சிரிச்சானுவ. எங்க அம்மா கண்ணேறுன்னு மிளகாவத்தலைச் சுத்தி அடுப்புல போட்டா, நெடி வராட்டா கண்ணேறுதான்னு அர்த்தமாம். வீடே இருமிச் செத்தோம், ‘அப்ப கண்ணேறு இல்லட்டி, சீக்குதான், ஆஸ்பத்திரிக்குப் போவோம்’னா. அந்த மிளகாவத்தலுக்கும் நான் நன்றி சொல்லணும். அப்புறம் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. பஸ் ரெண்டு, வாத்தியார் ரெண்டு, எங்க அப்பாவுக்கே ரெண்டு தலை. என் உடம்பே என் தசையை எதிராளின்னு நினைச்சு அடிக்குதுன்னு சொன்னாங்க. நம்ம பட்டாளமே நம்ம வீட்டைக் கொள்ளையடிக்கு. கோளாறு பெறந்த இடம் தைமஸுன்னு நெஞ்சைப் பிளந்து அதை எடுத்தாங்க. எடுத்த டாக்டர் பேர்கூட சரியா ஞாபகம் இல்லை, நன்றிகெட்ட மூதி நான். கை மட்டும் ஞாபகம் இருக்கு, விரல்ல முடி நிறைய. எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ, நல்லா இருக்கணும் அந்த மனுஷன். அதுக்கப்புறம் தைமஸைத் தவிர வேற எதைப் படிக்கவும் எனக்கு மனசு வரலை. என்கிட்டேர்ந்து பறிச்சுக்கிட்டுப் போனது என்னன்னு தெரிஞ்சுக்கிடணும்ல.

அந்த ரெட்டைப் பார்வைக் காலத்துல டவுன் பஸ்ல கண்ணைத் தொறந்தா தலை சுத்தும். அதனால மூடிக்கிட்டே வருவேன். எந்த ஸ்டாப்னு எப்படித் தெரியும்? மூக்குதான். கருவாட்டுக் கிட்டங்கி நாத்தம் வந்தா பாதி வழி. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமிருக்காது, வெறும் டீசல். பெறகு பேக்கரியில மக்ரூன் சுடுத வாசம், முந்திரியும் சீனியும் வேகுத வாசம், அது வந்ததும் எந்திரிச்சு இறங்கிருவேன், ஒரு நாளும் தப்பினது கிடையாது. பின்னால லேபுல கீமோகைன்னு படிக்கப்போ, அட, இது நம்ம கதைல்லான்னு சிரிச்சேன். பக்கத்துல இருந்த பிள்ளை பயந்துட்டா. டி செல்லுன்னா உடம்பைக் காக்குத பட்டாளத்து ஆளு; அப்படி ஆகப்போறது எலும்பு மஜ்ஜையில பெறக்குது. கண்ணு கிடையாது, வழி சொல்ல ஆளு கிடையாது, ரத்தத்தோட ரத்தமா உடம்பு பூரா அடிச்சுக்கிட்டுப் போகுது. தைமஸ் பக்கம் வந்ததும் சரியா இறங்கிருது. எப்படி? தைமஸ் ஒரு வாசத்தை விடுது, அதுதான் கீமோகைன். செல் மேல அந்த வாசத்தைப் பிடிக்க ஒரு மூக்கு முளைச்சிருக்கு, அதுதான் ரிசப்டர். சிசிஆர் ஒன்பதுன்னு ஒரு மூக்கு, சிசிஆர் ஏழுன்னு ஒண்ணு. ரெண்டையும் பிடுங்கிட்டா வந்து சேருதது ரொம்பக் கொறைஞ்சு போகும். உள்ள வந்த பெறகும் சும்மா இருக்க முடியாது. முதல்ல ஓரத்துக்குப் போகணும், அங்க ஒரு பரீட்சை. தேறினா ஏழாம் நம்பர் மூக்கு பெருசா முளைக்கும், அது நடுப்பக்கத்து வாசத்தைப் பிடிச்சு நடுவுக்கு இழுத்துக்கிட்டுப் போகும், அங்க ரெண்டாவது பரீட்சை. சொந்த உடம்பை அடிப்பியான்னு கேக்குத பரீட்சை. அடிப்பேன்னா அங்கனயே சாவு. பெரும்பாலானது செத்துத்தான் போகும், நூத்துல ஒண்ணு ரெண்டுதான் வெளிய வரும். வாசம் தப்பி நடுவுக்குப் போகாம நழுவிட்டா சொந்த வீட்டுக்கே கொள்ளி. எந்த நொடியில எந்த மூக்கு முளைக்குது, எது உதிருதுன்னு பாக்கதுதான் என் வேலை. எலியில பாத்தாச்சு. மனுஷக் குழந்தையில பாக்கணும்னா இந்த வாசல்ல உக்காரணும்.

என்ன, சத்தத்தையே காணோம் உள்ள. வழக்கமா இந்நேரம் செலின் வந்திருப்பா. நேரம் போகப் போக எனக்கு ரெண்டு கவலை. ஒண்ணு குழந்தை, ஒண்ணு என் துண்டு. எது முந்தின்னு என்னைய நானே கேக்கப் பயமா இருக்கு. குழந்தைதான்டீ. குழந்தைதான். தாரணி இந்தப் பக்கமா பாக்கா. நான் சிரிச்சு வைக்கேன், பெட்டியைக் காலுக்குப் பின்னால தள்ளிட்டு. எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டா. ‘டீ குடிச்சீங்களாக்கா?’ அவ என்னைய விசாரிக்கா! ‘நீ சாப்ட்டியா?’ ‘எறங்க மாட்டேங்குதுங்க. அண்ணன்தான் நாலு இட்லி தின்னுச்சு. ரத்தங் குடுத்த ஒடம்பாச்சே.’ அண்ணன் அங்க நிக்காரு, தூணுகிட்ட. கார்வேந்தன், நல்ல உசரம், வெள்ளைச் சட்டை, முழங்கை மடிப்புல ஒட்டின பஞ்சை நேத்துலேர்ந்து எடுக்கலை. எல்லாரும் பாக்கட்டும்னு சட்டைக்கையை மடிச்சுவிட்டிருக்காரு. தாரணி சொல்லுதா, ‘ஒறம்பரையில எத்தனையோ பேரு குடுக்கறேன்னு வந்தாங்க்கா. இது ஒத்துக்கவே இல்லைங்க. மொத மொட்டை மாமன் மடியில, மொதத் தோடு மாமன் மடியில, மொத ரத்தமும் மாமன் ரத்தந்தான்னு சண்டைங்க ரத்த வங்கியில.’ குரூப்பும் பொருந்திருச்சு, சின்னக் குழந்தைக்குப் புது ரத்தமா இருந்தா நல்லதுன்னு அவங்களும் அதையே எடுத்து வச்சிட்டாங்களாம். அவ சொல்லும்போது முகத்துல அப்படி ஒரு தெம்பு. அந்த இதய மிஷினோட குழாயை நிரப்பவே குழந்தை உடம்புல இருக்க அளவுக்கு ரத்தம் வேணும், யாராவது ஒருத்தர் ரத்தத்தை ஊத்தி வச்சுத்தான் ஓட்டுவாங்க. அது மாமன் ரத்தமா இருந்தா நல்லதுதானே. நானும் ‘குடுத்து வச்ச பிள்ளை’ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

கதவு திறந்துருச்சு. செலின். மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரியுது. நான் பெட்டி மூடியைத் திறந்துக்கிட்டே எந்திரிக்கேன். அவ கையில டப்பா இருக்கு. குடுத்தா. எடை இல்லை. என் திரவம் மட்டும்தான் இருக்கு உள்ள, ரோஸ் கலர்ல, நான் ஊத்தின மாதிரியே. ‘என்ன சிஸ்டர், வெட்டலையா?’ அவ என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போனா. ‘வெட்ட ஒண்ணும் இல்லை மேடம். இருக்க வேண்டிய எடத்துல இல்லை. சார் இப்பத் தேடிட்டு இருக்காரு.’ இல்லையா? இல்லைன்னா? எனக்கு முதல்ல வந்தது என்னன்னா, அந்தத் திரவம் வீணாப் போச்சேன்னு ஒரு நினைப்பு, தூ, சவத்து மூதி. அடுத்த மூச்சுலதான் குழந்தை நினைப்பு வந்துச்சு. இதயத்தோட பெரிய குழாயும் தைமஸும் கருவுல ஒரே பக்கத்துலேர்ந்து கிளம்புதது. ஒண்ணு கோணினா இன்னொண்ணும் சில குழந்தைக்கு வராமலே போயிரும். வெறும் ஓட்டைதானேன்னு யாருக்கும் சந்தேகம் வரலை. தைமஸ் இல்லாட்டா டி செல் இல்லை. டி செல் இல்லாத உடம்புல அடுத்தவங்க ரத்தத்தை ஏத்தினா, அந்த ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வார டி செல்லு இருக்கே, அதை அடிச்சு விரட்ட ஆள் கிடையாது. விருந்தாளி வீட்டுக்காரனை வெளிய தள்ளிட்டு உக்காந்துக்கிடுவான். தோலு, குடலு, மஜ்ஜை எல்லாத்தையும் அழிச்சிரும், பத்துல ஒம்பது பிழைக்காது. அதுலயும் புது ரத்தம்னா ஆபத்து கூட. சொந்தக்காரங்க ரத்தம்னா இன்னும் கூட, சாடை ஒத்துப் போகுததால உடம்பு அதை வேத்தாளுன்னே நினைக்காது. ஐயோ. மாமன் ரத்தம். ‘செலின், ரத்தம் ஏத்தியாச்சா?’ ‘இதய மிஷின் பம்புல ரொப்பி வச்சிருக்கு மேடம். கனெக்ட் பண்ணப்போற நேரம். சார் நிறுத்தச் சொல்லிட்டாரு.’ ‘தனியா, கை நரம்புல? மயக்க டாக்டர் ஏத்தினாரா?’ ‘தெரியலை மேடம், நான் போணும்.’ கதவு மூடிருச்சு.

தெரியலைன்னுட்டாளே. தெரியலைன்னா என்ன அர்த்தம்? ஏத்தியிருக்கலாம். நெஞ்சைக் கிழிக்கப்போ கொஞ்சம் ரத்தம் போகும், அதுக்கு ஈடா ஒரு சிரிஞ்சு ஏத்தியிருக்கலாம். ஏத்தியிருக்க மாட்டாங்க, அவ்வளவு சீக்கிரம் ஏத்த மாட்டாங்க. ஏத்துவாங்க, குழந்தை வெளிறிப் போச்சுன்னா ஏத்துவாங்க. கதிர்வீச்சு காட்டின ரத்தம்னா பயமில்லை, காட்டினா அந்த டி செல்லு பெருக முடியாது, ரத்த வங்கியில மிஷின் இருக்கு, கொஞ்ச நேரத்து வேலைதான். முன்னாலேயே காட்டியிருந்தா? யாரு கேட்டா, யாருக்குத் தெரியும். நான் இந்த நாற்காலியில வந்து உக்காந்து ‘குடுத்து வச்ச பிள்ளை’ன்னு சொன்னேனே, வாயில வசம்பு வச்சுத் தேய்க்க. தாரணி பாத்துக்கிட்டே இருக்கா. என் முகத்தை மாத்த எனக்குத் தெரியாது, என்னைக்குத் தெரிஞ்சுது, எங்க அம்மா சொல்லுவா, உன் மூஞ்சி தெருவுக்குப் போட்ட மைக்செட்டுட்டின்னு. அவ பக்கத்துல வந்துட்டா. ‘ஏனுங்க்கா. மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு? அம்முணிக்கு என்னாச்சுங்க?’ என்ன சொல்ல? பொய் சொல்ல வாய் வரலை. முழுசாச் சொல்ல உரிமையும் இல்லை, டாக்டர் சொல்ல வேண்டியது. ‘அம்முணி நல்லா இருக்கா. நான் கேட்டது இன்னும் கெடைக்கலை. ரத்தத்தை மாத்தி எடுக்கணும்னு டாக்டர் நினைக்காரு, அதுதான் லேட்டு.’ ‘எங்கண்ணன் ரத்தத்தையாங்க?’ ‘ஆமா.’ அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஐஸ் பிடிச்ச கை, அவ கை நெருப்பாக் கொதிக்குது. விடலை. நானும் விடலை.

இடது கண்ணு சரியுது. பதட்டம் வந்தா இப்பவும் அப்படித்தான், மாத்திரை போட நேரமாச்சு, பை அந்தப் பக்கம் கிடக்கு, இவ கையை உதறிட்டுப் போக மனசில்லை. கதவு ரெண்டாத் தெரியுது. மூடிக்கிட்டேன். மூடினா அதுங்கதான் தெரியுது எனக்கு. இந்த நிமிஷமும் அம்முணி எலும்புக்குள்ளேர்ந்து அந்தச் செல்லுங்க கிளம்பி வந்துக்கிட்டேதான் இருக்கும், மூக்கோட. ஒன்பதாம் மூக்கு, ஏழாம் மூக்கு, எல்லாம் ஒழுங்கா முளைச்சிருக்கும், அதுங்ககிட்ட ஒரு குறையும் இல்லை. ரத்தத்துல சுத்திச் சுத்தி வரும். இதயம், நுரையீரல், ஈரல், திரும்ப இதயம். வாசம் மட்டும் வராது. பஸ் போய்க்கிட்டே இருக்கு, கருவாடும் வரலை, மக்ரூனும் வரலை, கண்ணை மூடிக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கு, இறங்க ஸ்டாப் இல்லை. ஏழு மாசமா இப்படி வந்து வந்து செத்துப் போச்சுதுங்களா? எனக்கு அழுகை முட்டுது. எனக்குத் தைமஸை எடுத்தப்போ என் பட்டாளம் பூரா ஏற்கனவே பரீட்சை எழுதித் தேறி வெளிய வந்துருச்சு, இருபது வருஷ வேலையை அது முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போச்சு. அதுக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கேனா? கோளாறு பிடிச்ச தைமஸுன்னு திட்டினதுதான் மிச்சம். சின்ன வயசுல அம்மை வந்து போச்சு, மஞ்சக்காமாலை வந்து போச்சு, எல்லாத்தையும் அதுதான் தாங்கிச்சு. இந்தத் தழும்பைக் காட்டி இவகிட்ட நான் பெரிய வீராங்கனையாட்டம் பேசினேன், எனக்கு முழுசாவே எடுத்தாச்சுன்னு. எடுக்க இருந்துச்சேட்டி உனக்கு. முருகா, செந்தூர் முருகா, நான் கேட்டு நீ குடுத்ததெல்லாம் கொஞ்சமில்லை, இன்னும் ஒண்ணு கேக்கேன். அந்தச் சிரிஞ்சு ஏறியிருக்கக் கூடாது. தயவு பண்ணு. என் ஆராய்ச்சி நாசமாப் போனாலும் போகட்டும்.

யாரோ ஓடுத சத்தம். கண்ணைத் திறந்தா ரத்த வங்கி ஆள், ரெண்டு ஆள், இல்லை ஒரே ஆள்தான், கையில ரத்தப் பையோட கதவுக்குள்ள போறான். பை மேல சின்னதா ஒரு ஸ்டிக்கர், அது கதிர்வீச்சு காட்டினதுக்குப் போடுத ஸ்டிக்கர், எனக்குத் தெரியும். அப்போ மாத்துதாங்க. மாத்திட்டாங்க. அந்தாளைக் கட்டிப்பிடிச்சு ஒரு முத்தம் குடுத்திருப்பேன், ஓடிட்டான். ஆனா முன்னால ஏத்தினாங்களா இல்லையா, அது இன்னும் தெரியலை. கார்வேந்தன் தூணை விட்டு வந்துட்டாரு. ‘என்னம்மணி, என்னமோ ரத்தம் கொண்டு போறாங்க? என்றது பத்தலையா? இன்னும் வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க.’ சட்டைக்கையை இன்னும் மேல ஏத்துதாரு. தாரணி, ‘இருண்ணா, உக்காரு’ன்னா. அவரு உக்காரலை. நாங்க மூணு பேரும் அந்தக் கதவைப் பாத்துக்கிட்டு இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு வண்டி போச்சு, சாம்பார் வாசம் வந்துச்சு, மாப்பு அம்மா இன்னொரு தடவை வந்து பெட்டியை முட்டினா. மாத்திரை போட்டேன். கண்ணு மெள்ளத் தூக்குச்சு. தாரணி எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தா, சாமி பேரா, பிள்ளை பேரா, தெரியலை.

டாக்டர் உமாபதி வந்தப்போ மாஸ்க்கை தாடைக்குக் கீழ இழுத்துவிட்டிருந்தாரு. அந்த ஒரு காரியத்துலயே எனக்கு உசிரு வந்துச்சு, கெட்ட சேதின்னா அவரு மாஸ்க்கைக் கழட்ட மாட்டாரு. தாரணியைப் பாத்து, ‘ஓட்டையை அடைச்சாச்சும்மா. இதயம் நல்லாத் துடிக்குது. ஐசியூல வச்சுப் பாக்கணும், ஆனா பாப்பா நல்லா இருக்கா’ன்னாரு. தாரணி அப்படியே தரையில உக்காந்துட்டா. அண்ணன் தூக்கினாரு. அப்புறம் டாக்டர் தைமஸைப் பத்தி அவளுக்குப் புரியும்படியா பொறுமையாச் சொன்னாரு, இன்னும் சில பரிசோதனை இருக்குன்னாரு, சக்தி மேடம் லேப்லதான் டி செல்லை எண்ணப் போறோம்னாரு. நான் பொறுக்க மாட்டாம நடுவுல கேட்டுட்டேன், ‘சார், முன்னால ரத்தம் ஏத்தினீங்களா?’ ‘ஒரு சொட்டு ஏறலை. பம்புல ரொப்பினதைக் கொட்டிட்டு வேற ரொப்பினோம்.’ அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு மாதிரி சிரிச்சாரு. ‘உள்ளது சொல்லணும்னா, திறந்ததும் வழி சுலபமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுட்டு நான் பாட்டுக்கு நேரா இதயத்துக்குப் போயிட்டேன். செலின் உங்க டப்பாவை நீட்டிக்கிட்டு, சார் தைமஸு, சார் தைமஸுன்னு விட மாட்டேன்னுட்டா. நீங்க வாசல்ல காத்திருக்கீங்க, கேப்பீங்கன்னு. குடுக்கறதுக்குத் தேடினாத்தான் இல்லைன்னு தெரியுது.’ அவரே மேல சொன்னாரு, ‘இன்னொண்ணு. விடாம மேல கழுத்துப் பக்கம் பாத்தேன். ஒரு நகத்தளவு இருக்கு. தைமஸ்தான், எனக்குத் தெரியாதா. தொடலை. அதை உங்களுக்குக் குடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.’ ‘குடுத்திராதீங்க சார்,’ன்னேன். கத்திட்டேன்னு நினைக்கேன், நர்ஸு திரும்பிப் பாத்தா. ஒரு நகத்தளவு! எம்மா, அது போதும் சார், அது போதும், வாசம் வருதுல்லா. நகத்தளவு இடத்துலேர்ந்து வந்தாலும் வாசம் வாசம்தானே, அதுங்க பிடிச்சுக்கிடும், அதுங்களுக்கு மூக்கு இருக்கு. எத்தனை தேறுதுன்னு நாளைக்கு நானே எண்ணுதேன், விடிய விடிய உக்காந்து எண்ணுதேன்.

கார்வேந்தன் மட்டும் அங்கனயே நின்னாரு. ‘என்ற ரத்தத்தைக் கொட்டீட்டாங்களாக்கும்?’னாரு, யாரைப் பாத்தும் இல்லாம. முகம் சுருங்கிப் போச்சு. நான் சொன்னேன், ‘அண்ணாச்சி, தப்பு உங்க ரத்தத்துல இல்லை. உங்க சாடை அவகிட்ட அவ்வளவு இருக்கதுதான் அவளுக்கு ஆபத்தாப் போச்சு. அந்தக் கதையைச் சாவகாசமாச் சொல்லுதேன்.’ அவரு முழங்கையைப் பாத்தாரு. அப்புறம் அந்தப் பஞ்சைப் பிச்சு எடுத்தாரு. ‘கொட்டுனாக் கொட்டீட்டுப் போறாங்க. ஊறாமயா போயிரும்? காதுகுத்து இருக்குல்ல, மடி நம்முளுதுதான்,’னு சொல்லிட்டு ஐசியூ எந்தப் பக்கம்னு விசாரிக்கப் போனாரு. நான் பெட்டியை எடுத்துக்கிட்டு கிளம்பினேன். தாரணி பின்னாலயே ஓடி வந்து முந்தானையைப் பிடிச்சா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு, மூக்கு ஒழுகுது, அதைத் துடைக்கவும் இல்லை. ‘ஏனுங்க்கா, காத்தாலருந்து உக்காந்துட்டு, இப்பிடி வெறும் பொட்டியோட போறீங்களே. நாங்க ஒண்ணும் குடுக்க முடியாமப் போச்சே. எனக்கு நெம்ப சங்கட்டமா இருக்குதுங்க.’ அடிப் பாவிமகளே. எனக்கு அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்தது பூரா உடைஞ்சுக்கிட்டு வந்துருச்சு, ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு ஏங்கி ஏங்கி அழுதேன். என்னைய அவ தேத்துதா. முதுகைத் தடவிக் குடுக்கா. ‘அழுவாதீங்க்கா. இன்னொரு கொழந்தை வராமயா போயிரும், அதுகிட்ட வாங்கிக்கு—’ பாதியில நிறுத்திட்டா. கையால வாயைப் பொத்திக்கிட்டா. ‘ஐயோ, என்ன பேச்சுப் பேசிப்போட்டேன். வர வேண்டாமுங்க்கா. ஒரு புள்ளையும் இந்தக் கதவுக்குள்ள வரவே வேண்டாமுங்க.’ நான் பெட்டியைக் கீழ வச்சுட்டு அவளைக் கட்டிக்கிட்டேன். ‘ஆமாட்டி,’ன்னேன், ‘வரவே வேண்டாம்.’